இரண்டு வண்டிக்கு ஒரு பேட்டரி

சமயநல்லூர் தாண்டி நடுரோட்டில் நின்றுபோன பிருந்தாவின் மின்சாரக் காரை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கோச்சடை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இரவெல்லாம் சார்ஜ் ஏறி, காலையில் நூறு சதவீதம் என்று காட்டியது. அந்த நூறை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

வாங்கிய புதிதில் வாடிப்பட்டி போய், சோழவந்தானைச் சுற்றி, வீடு திரும்பி, மறுநாளும் அலுக்காமல் ஓடிய வண்டி. இப்போது ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் திணறியது.

பிருந்தா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை, இடுப்பெலும்பு முறிந்தவர்களை அவர்கள் வீட்டுக்கே போய் எழுப்பி நடக்க வைப்பது அவள் தொழில். கல்யாணமாகிச் சேலத்துக்குப் போன பிறகு அந்தத் தொழிலை விடச் சொன்னார்கள். சொன்னவன் கணவன் கார்த்திகேஷ் அல்ல. அவன் மனதில் இருப்பதெல்லாம் அவன் அம்மாவின் வாய் வழியாகத்தான் வரும். அப்படியே வந்தது. பிருந்தா பெட்டியோடு மதுரைக்கு வந்துவிட்டாள். வந்த பின் தன் பெயரில் அவள் வாங்கிய முதல் பொருள் இந்தக் கார்.

அவள் வாங்கிய வருஷம் தயாரான வண்டிகளின் பேட்டரியில் குறை இருக்கிறது, எல்லோருக்கும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே அறிவித்திருந்தது. அவள் போனுக்கும் செய்தி வந்தது. டீலரிடம் போனபோதுதான் கதை வேறாக இருந்தது. தகவலே வரவில்லை என்றார்கள். பிறகு, கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை என்றார்கள். போன தடவை, வண்டிக்கு அடியில் தண்ணீர் புகுந்திருக்கிறது, உங்களுக்கு இலவசம் பொருந்தாது என்று முடித்துவிட்டார்கள்.

இன்று அவர்களை அப்படி முடிக்க விட முடியாது. திருமங்கலத்தில் ஒரு எலும்பு மருத்துவமனை, சுற்றுவட்டார கிராமங்களில் இருக்கும் தன் நோயாளிகளையெல்லாம் அவளிடம் ஒப்படைக்கத் தயாராக இருந்தது. நம்பிப் போய்வர வண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா சூடாமணிக்கு இதில் குழப்பமே இல்லை. டீலர்ஷிப் நடத்தும் பீமாராவ் சொந்த சமூகத்துப் பையன். அவன் அப்பாவும் பிருந்தாவின் அப்பா ராதாகிருஷ்ணனும் ஒன்றாகப் படித்தவர்கள். அதற்கும் மேலே, பீமாராவின் அம்மாதான் கார்த்திகேஷ் வீட்டாரோடு பேசி, பிருந்தாவையும் அவனையும் சேர்த்துவைக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்திருந்தாள். நீங்கள் போய் நம் மொழியில் நாலு வார்த்தை பேசினால் காரியம் நடந்துவிடும் என்று கணவரிடம் சூடாமணி சொன்னாள். அதைச் சொன்னதும் அந்த மொழியில்தான். வீட்டில் அவர்கள் சௌராஷ்டிரம்தான் பேசுவார்கள்.

ராதாகிருஷ்ணன் தயங்கினார். காமராஜர் சாலையில் பல காலம் மருந்துக்கடை வைத்திருந்து, அண்மையில்தான் அதைக் கைமாற்றியிருந்தார். கடையில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. யாரிடமும் போய் நின்று ஒரு உதவி கேட்கவும் அவருக்கு வராது.

அவர் தயக்கத்தைப் பார்த்துவிட்டுப் பிருந்தா சொன்னாள்: "நாம ஒண்ணும் சலுகை கேக்கப் போகலைப்பா. தர்றேன்னு அவங்களே சொன்னதைக் கேக்கப் போறோம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

ஏசி போட்டால் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பைபாஸ் ரோட்டு வெயிலை முகத்தில் வாங்கியபடியே போனார்கள். ஷோரூம் கதவைத் திறந்ததும் அடித்த குளிர்காற்றில் ராதாகிருஷ்ணனுக்குத் தும்மல் வந்தது.

சர்வீஸ் கவுன்டரில் இருந்த ராம்கி, பிருந்தாவைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். சார் உள்ளே ஒரு கஸ்டமரோடு பேசிக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்றான்.

சோபாவில் ஏற்கெனவே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. இடது முழங்கைக்குக் கீழே நரம்பு தடித்துப் புடைத்திருந்தது. பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. டயாலிசிஸ் நடக்கும் உடம்பு என்று பிருந்தாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

அவள் பெயர் செல்லத்தாய். ஊர் திருவாதவூர். மகன் முத்துக்குமரன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று இந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். அப்பா கருத்தக்கண்ணன்தான் ஓட்டுகிறார். பிருந்தாவின் கார் என்ன மாடலோ அதேதான். அதே குறை. போன வாரம் டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில் ஒத்தக்கடை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வந்த பால் வண்டியை மறித்து, கேன்களுக்கு நடுவில் அவளை உட்கார வைத்து ஊர் கொண்டு சேர்த்திருக்கிறார்.

"காரு பேட்டரி செத்தா வேற மாத்துவாகளாம் தாயி," என்றாள் செல்லத்தாய். "என்னையத்தான் சார்ஜ் போட்டுப் போட்டே ஓட்டுறாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிருந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அடுத்த டயாலிசிஸ் எப்போது என்று கேட்டாள். நாளைக் காலை என்றாள் செல்லத்தாய்.

அதற்குள் கண்ணாடி அறையிலிருந்த பீமாராவ் ராதாகிருஷ்ணனைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். நாற்பது வயதிருக்கும். அவன் அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. உள்ளே கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கருத்து இறுகிய முகம். பெரியவர் ஒருவர் வருகிறார் என்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ராதாகிருஷ்ணனுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

"அண்ணே, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க," என்றார். "வண்டிக்குள்ள தண்ணி போயிருச்சுங்கிறாக. எங்க ஊர்ல அம்புட்டுத் தண்ணி கெடந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்? வயல்ல நிக்க மாட்டேனா?"

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே அவர் மகன் நேரடியாகப் புகார் கொடுத்திருந்தான். அவர்கள் விசாரித்து, தண்ணீர்க் கதையைத் தள்ளிவிட்டு, பேட்டரியை அனுப்புகிறோம், இன்று போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே வந்தால், வந்த பேட்டரி வழியிலேயே அடிபட்டுவிட்டது, அடுத்த லோடு வரும்வரை பொறுங்கள் என்று பீமாராவ் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பினான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. குடும்பத்தை விசாரிக்கும் தொனியும் மாறவில்லை. மொழி மட்டும் மாறியது.

சௌராஷ்டிரத்தில் அவன் சொன்னது இதுதான். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பத்திரமாக இருக்கிறது. இந்த ஆளின் வண்டிக்கென்று வந்ததுதான், ஆனால் இவர் பொறுத்துக்கொள்வார். பிருந்தா வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும், சாயங்காலத்துக்குள் மாற்றித் தருகிறேன், கம்பெனியிடம் நான் பேசிச் சரிக்கட்டிக்கொள்வேன். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விஷயமும் நல்லபடியாக முடியும், அம்மா எல்லாம் பேசி வைத்திருக்கிறாள்.

கருத்தக்கண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். ஏதோ வீட்டு விஷயம் பேசுகிறார்கள், நாம் நடுவில் நிற்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"நீங்க பேசுங்கண்ணே, நான் வெளிய இருக்கேன்," என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அந்தக் கதவு சாத்திய விதம் ராதாகிருஷ்ணனை என்னவோ செய்தது. பிறந்ததிலிருந்து பேசும் மொழி. அம்மா தாலாட்டியதும், தெப்பக்குளக் கரையில் நண்பர்களோடு அரட்டை அடித்ததும், சூடாமணியிடம் முதல்முதலாகப் பேசியதும் அதில்தான். ஒரு மனிதர் எதிரில் நிற்கும்போதே அவரை ஏமாற்றுவதற்கு அது இப்படி வசதியாக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

பிருந்தாவைத் தனியே வரச் சொல்லி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் புது வண்டிகள் நின்ற இடத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அவள் பார்வை சோபா பக்கம் போய், செல்லத்தாயின் கால்களில் நின்றது. பிறகு கையிலிருந்த போனுக்கு வந்தது. திருமங்கலத்திலிருந்து யாரோ கூப்பிட்டிருந்தார்கள்.

"வண்டி உன் பேர்ல இருக்கும்மா," என்றார் ராதாகிருஷ்ணன். "நீ என்ன சொல்றியோ, அதை நான் போய்ச் சொல்றேன்."

அவளுக்கு அந்தப் பேட்டரி வேண்டும். மிகவும் வேண்டும். சேலத்தில் இழந்ததையெல்லாம் ஒரே நாளில் திரும்பப் பெறுகிற மாதிரி இருந்தது அந்தத் திருமங்கலத்து வேலை. ஒரு சின்னத் தலையசைப்பு போதும். அந்த அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. அடுத்த லோடு வரத்தான் போகிறது. நாளை அவர்கள் ஏதாவது ஆட்டோவில் போய்க்கொள்ளலாம். இப்படி ஒவ்வொரு காரணமாக அவள் மனதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் நியாயம் போலவே இருந்தது.

கடைசியில் அவள் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் தரவேண்டியதுப்பா இது. ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லி, யாருக்குங்கிறதை நம்மகிட்டயே விடுறாங்க. நாம சரின்னு சொல்லிட்டா, நாளைக்கு இவங்க வழியில நின்னா அது நாம நிறுத்துனது."

ராதாகிருஷ்ணன் தலையசைத்தார். அவர் மனதிலும் அதே பதில்தான் இருந்தது. ஆனால் மகள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் அவசியம் வரவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

அவர் நேராகச் சோபாவுக்குப் போய், நீங்களும் வாருங்கள் என்று கருத்தக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். பிருந்தாவும் பின்னால் வந்தாள். பீமாராவ் ஏதோ புரிந்தவனாக, சௌராஷ்டிரத்தில் ஒரு வாக்கியம் தொடங்கினான்.

"தமிழ்ல சொல்லு பீமா," என்றார் ராதாகிருஷ்ணன். "இவரும் கேக்கணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அதனால் அவரே சொன்னார். பேட்டரி அடிபடவில்லை, நல்லபடியாகப் பின்னால் இருக்கிறது, அது உங்கள் வண்டிக்கென்று வந்தது, அதை என் மகள் வண்டிக்கு மாட்டித் தருகிறேன் என்று சற்று முன்னால் உங்களுக்கு முன்னாலேயே எங்கள் மொழியில் சொன்னான் என்று, குரலை உயர்த்தாமல், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கடையில் விளக்குவது போலச் சொன்னார். தங்களுக்கு அது வேண்டாம் என்றும் சொன்னார்.

கருத்தக்கண்ணன் கோபப்படுவார் என்று பிருந்தா எதிர்பார்த்தாள். அவர் அப்படியே நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சிரிச்சுக்கிட்டுல்ல நின்னேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பீமாராவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு ராதாகிருஷ்ணனிடம் தமிழிலேயே பேசினான்.

"கம்பெனி ஒண்ணு ஒண்ணா அனுப்புது மாமா. தினம் யாராவது வந்து கத்துறாங்க. தெரிஞ்சவங்களுக்குக்கூட ஒண்ணு செய்ய முடியலைன்னா நான் எதுக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

அதில் பொய் இல்லை என்று பிருந்தாவுக்குப் பட்டது. அவன் கெட்டவன் இல்லை. ஒருவருக்கு நல்லவனாக இருக்க இன்னொருவரிடம் மறைக்க வேண்டியிருந்தது, மறைத்தான். ஆனால் அதற்காக அவள் இரக்கப்பட்டுத் திரும்பிப் போகத் தயாராக இல்லை. என் வண்டி விஷயமாகக் கம்பெனியோடு இப்போதே, எங்கள் எதிரில் பேசுங்கள் என்றாள்.

அவன் மறுக்கிற நிலையில் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் பேசியவர் வண்டி எண்ணை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு கோரிக்கை மதுரையிலிருந்து வரவே இல்லையே என்றார்.

ராம்கியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கீழ்ப்பக்கம் காய்ந்த சேறு இருந்தது, எப்படியும் தள்ளுபடி செய்வார்கள் என்று நானே அனுப்பாமல் வைத்துவிட்டேன் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். கம்பெனி பதில் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவந்ததெல்லாம், கேட்காத கேள்விக்கு வராத பதில்.

வண்டியை அப்போதே தூக்கி நிறுத்தி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் அந்த அதிகாரி. சேறு வெளித்தகட்டில்தான் இருந்தது. உள்ளே ஈரம் போன அடையாளம் இல்லை. மதியத்துக்குள் பிருந்தாவின் போனுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அடுத்து மதுரைக்கு வரும் பேட்டரி அவளுடையது. எப்போது வரும் என்று மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கருத்தக்கண்ணனின் கார் பட்டறைக்குள் போனது. பிருந்தா புறப்படும்போது செல்லத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அதற்குள் கணவர் சொல்லியிருந்தார். நன்றி என்று ஏதும் சொல்லாமல், இவள் எங்கே வேலை பார்க்கிறாள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். ஆகிவிட்டது என்றாள் பிருந்தா. மேற்கொண்டு சொல்லவில்லை. செல்லத்தாயும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், காளவாசல் சிக்னலில் நிற்கும்போதே, அவள் திருமங்கலத்துக்குப் போன் செய்தாள். பேட்டரி வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை பஸ்ஸில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். நோயாளிகள் காத்திருக்க முடியாது, வேறு ஒருவரும் விண்ணப்பித்திருக்கிறார், அவரை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ராதாகிருஷ்ணன் வைகைப் பாலம் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"வருத்தமா இருக்காம்மா?"

"ஆமாப்பா," என்றாள். "ரொம்ப."

அவர் ஆறுதல் சொல்ல முயலவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் சூடாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தி அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பீமாராவின் அம்மா போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் ஊர் பேர் தெரியாதவர் முன்னால் என் பையனைத் தலைகுனிய வைத்துவிட்டார், நம் மொழியில் நம்பிச் சொன்னதை அடுத்தவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவரோடு எங்களுக்கு என்ன பேச்சு என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் வரப்போவதில்லை. சேலத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

ஒரு பேட்டரிக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று சூடாமணி கணவரிடம் கேட்டாள். பேட்டரியாவது கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் அழுதுவிட்டாள்.

ராதாகிருஷ்ணன் அவள் அருகில் உட்கார்ந்தார். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அந்த மனிதர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தது, வெளியே போய்க் கதவைச் சாத்தியது எல்லாம். சூடாமணி அழுகையை நிறுத்தினாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சாப்பிட வாருங்கள், மணி என்ன ஆகிறது என்று எழுந்து உள்ளே போனாள்.

பிருந்தா மாடியறைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த பேச்சை அவள் மனதுக்குள் பல முறை நடத்திப் பார்த்திருந்தாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமியார், நடுவில் பீமாராவின் அம்மா. அந்தக் கற்பனையில் ஒரு முறைகூடக் கார்த்திகேஷ் பேசியதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவளும் பேசியதில்லை.

சேலத்தை விட்டு வந்த பிறகு அவள் ஒரு தடவைகூட அவனுக்குப் போன் செய்தது கிடையாது. அவன் செய்யட்டும் என்று இருந்தாள். அவனும் அப்படித்தான் இருந்திருப்பான்.

எண் இன்னும் மனப்பாடமாக இருந்தது. போட்டாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எடுத்தான். பின்னால் மாமியாரின் குரல் யார் என்று கேட்பது காதில் விழுந்தது. அதற்கு அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பிருந்தா காத்திருந்தாள்.

"பிருந்தாதாம்மா," என்று அவன் அம்மாவிடம் சொன்னான். பிறகு நடக்கும் சத்தம். ஒரு கதவு திறந்தது. தெருவின் இரைச்சல் கேட்டது.

"வெளிய வந்துட்டேன்," என்றான் கார்த்திகேஷ். "சொல்லு. இல்ல, இரு. நான் முதல்ல ஒண்ணு சொல்லணும்."